ஆடிட்டர் வீட்டு மாத்திரை

அந்த மனிதருக்கு எல்லாம் மறந்துவிட்டது, பெண்டாட்டியைக் கூப்பிடுவதைத் தவிர. என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது.

மறதி நோய்க்கென்று இருக்கும் அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாதம் ஒரு முறை நாங்கள் போவோம். அதே நாளில் இன்னொரு ஜோடியும் வரும். அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் ஃபிளாஸ்க்கம்மா. கையில் எப்போதும் ஒரு நீல ஃபிளாஸ்க். அவள் புருஷன் ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நோய் வந்த பிறகும் சட்டையின் மேல் பட்டன் வரை போட்டு, பையில் பேனா செருகிக்கொண்டு, தாழ்வாரத்து இரும்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அவள் தண்ணீர் பிடிக்க எழுந்தால் போதும், "ராஜாத்தி... ராஜாத்தி..." என்று ஆரம்பித்துவிடுவார். குரலில் அப்படி ஒரு குழைவு. புதுமாப்பிள்ளைகூட அப்படிக் கூப்பிடமாட்டான்.

"இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று அவள் ஓடுவாள். ஓடுகிற ஓட்டத்தில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

என் வீட்டுக்காரர் என்னை மேடம் என்று கூப்பிடுவார்.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் கார் ஓட்டப் பழகினார்கள். பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, மாஸ்டருக்கென்று தனியாக வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே ஆயுசு போயிற்று. இப்போது நோய் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனதில் மகன் போனான், வீட்டு விலாசம் போயிற்று, நான் போனேன். டிரைவிங் கிளாஸ் மட்டும் மிச்சம். சோறு ஊட்டினால் "மெதுவா, மெதுவா, கிளட்சை படக்குன்னு விடாதீங்க மேடம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து "ஏய்", "இந்தா", "எங்க போய்த் தொலைஞ்ச" என்று வாய் நிறைய உரிமையோடு கூப்பிட்ட மனுஷன். மரியாதை இவ்வளவு வலிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதில் ஃபிளாஸ்க்கம்மா என்னை அக்கா என்று கூப்பிடுவாள். பார்த்தால் அவள்தான் எனக்கு அக்கா மாதிரி இருப்பாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் நாள், எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து டாக்டர் விளக்கம் சொன்னார். பொறுமைசாலி. எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார்.

"ட்ரிப்டோஃபேன்னு ஒரு சத்து இருக்கும்மா. முட்டை, பால், மீன், பயறு இதுலேருந்து கிடைக்கும். உடம்பு தானா அதைச் செஞ்சுக்க முடியாது. அதுல ஒரு சின்னப் பங்கு செரடோனின் ஆகுது. மனசு அமைதிக்கும் தூக்கத்துக்கும் அது வேணும். பெரிய பங்கு கைனூரெனின்னு இன்னொரு வழியில போகுது. அதுவும் தேவையான வழிதான்."

"அப்புறம் என்ன தகராறு?" என்றேன்.

"அழற்சி வந்தா தகராறு. கையில அடிபட்டா செவந்து வீங்குதில்ல? உடம்பு சண்டை போடுதுன்னு அர்த்தம். காயம் ஆறினதும் சண்டையும் அடங்கிடணும். சிலருக்கு அடங்காம உள்ளுக்குள்ளயே புகைஞ்சுக்கிட்டிருக்கும், மூளையிலயும்தான். அப்ப ட்ரிப்டோஃபேன் அந்த ரெண்டாவது வழியில கூடுதலா போகுது. அதோட ஒரு கிளையில குயினோலினிக் ஆசிட்னு ஒண்ணு வருது. அது அதிகமானா நரம்பு செல்லை ஓயாம உசுப்பிக்கிட்டே இருக்கும். உசுப்பி உசுப்பி கடைசில செல்லே செத்துடலாம்."

ஓயாமல் உசுப்பி ஆளைச் சாகடிக்கிற ஒருத்தியை எனக்கும் தெரியும். என் நாத்தனார். அதைச் சொல்லலாமா என்று பார்த்தேன். ஃபிளாஸ்க்கம்மா முந்திக்கொண்டாள்.

"அப்ப இதனாலதான் இந்த நோய் வருதா டாக்டர்?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். நோயாளிங்க ரத்தத்துல இந்தக் கணக்கு மாறியிருக்கிறதைச் சில பேர் பார்த்திருக்காங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியல. இது காரணமா, இல்ல நோயால வர்ற விளைவா, இன்னும் உறுதியா சொல்ல முடியாது. அழற்சியை அடக்கிற மாத்திரை ஒண்ணைக் கொடுத்துப் பார்க்கப்போறோம். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை. பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை, மருந்தே இருக்காது. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும். எனக்கே தெரியாது."

டாக்டருக்குத் தெரியாதாம். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆடிட்டர் வீட்டுக்கு மருந்து, எங்கள் வீட்டுக்கு வெறும் மாவு. துணிக்கடையில் வரிசையில் நின்றால் எனக்கு முன்னால் நிற்பவளோடு நல்ல துணி தீர்ந்துபோகும். பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறியவளோடு இடம் தீர்ந்துபோகும். கம்ப்யூட்டர் மட்டும் புதிதாக என்ன செய்துவிடப்போகிறது?

மாதா மாதம் என் சந்தேகத்துக்குத் தீனி கிடைத்தது. ஞாபகப் பரிசோதனை நடக்கும் அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. உள்ளே பேசுவது அட்சரம் பிசகாமல் வெளியே கேட்கும். "நூத்துலேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க சார்" என்பார் டாக்டர். ஆடிட்டர், "தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது" என்று கடகடவென்று இறங்குவார். அடுத்து எங்கள் முறை. அதே கேள்வி. என் வீட்டுக்காரர் சற்று யோசித்து, "முதல்ல சீட் பெல்ட் போடுங்க" என்பார். ஃபிளாஸ்க்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து பள்ளிச் சீருடை வெட்ட உட்காருவேன். அதுதான் என் தொழில். முன்னறையில் பெரிய மேசை, மூலையில் இரண்டு தையல் மெஷின். கத்தரிக்கோல் பாட்டுக்குப் போகும், மனம் ஆடிட்டர் வீட்டில் இருக்கும். இப்போது அவர் அவளை எப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்? சாப்பிடும்போது கூப்பிடுவாரா? தூக்கத்தில்? என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு, டிவி முன்னால் உட்காரவைப்பேன். மறுபடி மேசைக்கு வந்து அவளை நினைத்துப் புழுங்குவேன். மூளையில் அழற்சி என்றாரே டாக்டர், எனக்கு அது வயிற்றில்.

அந்த மாதம் அது நடந்தது. திட்டம் போட்டதெல்லாம் இல்லை.

ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றில் வர வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்தால் சாப்பாட்டிலிருக்கும் ட்ரிப்டோஃபேன் ரத்தத்தில் ஏறிக் கணக்கைக் குழப்புமாம். அதனால் ரத்தம் எடுத்து முடித்ததும் எல்லோரும் பசியில் பறப்போம். மாத்திரை பாட்டிலைக் காகித உறையில் போட்டு சிஸ்டர் கொடுத்துவிடுவார். டாக்டர் கடைசியாகப் பார்த்து அனுப்பும் வரை தாழ்வாரத்தில் உட்கார்ந்து பிரெட் சாப்பிடுவோம். ஃபிளாஸ்க்கம்மா பால் ஊற்றிக் கொடுப்பாள். அவள் கொடுத்த பாலைக் குடித்துக்கொண்டே அவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது எனக்குப் பழகிவிட்டது.

அன்றைக்கு ஆடிட்டருக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. "அக்கா, பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். அவர் போகிற வழியிலேயே, "ராஜாத்தி, எங்க இருக்க ராஜாத்தி" என்றார். பக்கத்திலேயே நடந்த அவள், "இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பையின் வாய் திறந்திருந்தது. உறை மேலேயே இருந்தது. என் பையில் இருந்த உறையும் அதே பழுப்புக் காகிதம், அதே மடிப்பு. பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் எண் ஒன்றுதான் வித்தியாசம். என் கை போய், எடுத்து, மாற்றி வைத்துவிட்டுத் திரும்பி வந்தது. அவ்வளவுதான். பிரெட்டில் பாக்கி இருந்த துண்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் நாற்காலியில் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நல்லவேளை, தூரம் போகவில்லை. வாகனம் நிறுத்துமிடத்தில் யாரோ ஒருவர் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருக்க, இவர் நடுவில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க, இன்னும் வாங்க, ஸ்டியரிங்கை ஒடிங்க... போதும்!" கார் சுவரைத் தொடாமல் கச்சிதமாக நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி நன்றி சொன்னார். இவர் நோயைப் பற்றி அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் ஒரு நிமிஷம் ஒன்றும் தெரியாத மாதிரிதான் இருந்தது, அப்படி ஒரு கம்பீரம் அவர் முகத்தில். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். ஃபிளாஸ்க்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பார்த்து அனுப்பினார். வீட்டுக்கு வந்தோம்.

வந்ததும் முதல் வேலையாக மாத்திரைகளை அன்றாடம் போடும் டப்பாவில் கொட்டினேன். பாட்டிலின் எண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லை. வெட்டி விழுந்த துணியில் சுற்றி, பட்டன் வைக்கும் டிராயரில் கடைசிக்குத் தள்ளினேன். காலி பாட்டிலை அடுத்த மாதம் திருப்பிக் கொடுக்க வேண்டும், சிஸ்டர் எண்ணைச் சரிபார்ப்பார் என்பதெல்லாம் பிறகுதான் உறைத்தது. துணியில் கத்தரி வைக்குமுன் பத்து தடவை அளக்கிறவள் நான். திருட்டில் ஒரு தடவைகூட அளக்கவில்லை. கேட்டால், "சாப்பிடும்போது உறை மாறிப்போச்சு போல சிஸ்டர்" என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தேன்.

இனி மருந்து வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்க வேண்டுமே. டிவியை அணைத்துவிட்டு, அவர் நாற்காலியை என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டேன். சாப்பாட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போகாமல், என் தட்டையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் முகத்தைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். எங்கேயாவது ஒரு வெளிச்சம் வருகிறதா, பழைய "ஏய்" ஒன்று வருகிறதா?

மெஷின் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் மாறிவிட்டார். நான் கால் பெடலை அமுக்கினால் மோட்டார் உறுமும். அவருக்கு அது போதும், கிளாஸ் ஆரம்பம். "ம், மெதுவா. ரோட்டைப் பாருங்க, காலைப் பார்க்காதீங்க." நான் காலர் தைப்பேன். அவர் வலது கால் தரையை அழுத்தும், அங்கே இல்லாத பிரேக்கை. ஓரம் கோணலாகப் போகும் நேரம் பார்த்துச் சரியாக, "லெஃப்ட்ல ஏறுது பாருங்க" என்பார். பார்த்தால் ஏறித்தான் இருக்கும். தற்செயலா, தெரிந்துதான் சொன்னாரா, கடவுளுக்கே வெளிச்சம். நான் அந்தத் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டுவேன்.

ஒரு நாள் மகனிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வர நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் அவர் மெஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க போனீங்க?" என்றார். குரலில் கோபம். "நீங்க வரலேன்னா கிளாஸ் எப்படி நடக்கும்?"

"வேற ஸ்டூடன்ட் யாரையாவது எடுத்துக்க வேண்டியதுதானே மாஸ்டர்?"

"வேற யாரையும் நான் எடுக்கறதில்ல" என்றார்.

சமையலறைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மருந்து வேலை செய்கிறது! டாக்டர் சொன்ன புகைச்சல் அடங்குகிறது, உசுப்புவது நிற்கிறது, செல் எல்லாம் மூச்சு விடுகிறது. அதே மூச்சில் ஃபிளாஸ்க்கம்மாவின் முகமும் ஞாபகம் வந்தது. இந்நேரம் ஆடிட்டர் வெறும் மாவை விழுங்கிக்கொண்டிருப்பார். ராஜாத்தி என்பது ராஜா ஆகி, ரா ஆகி, நின்றுபோயிருக்குமோ? நிற்கட்டும். இத்தனை மாதம் அவள் அனுபவித்தாள், இப்போது என் முறை. இப்படித்தான் நினைத்தேன். நினைத்துவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் தட்டை மூடிவைத்தேன்.

மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் கடைசிச் சட்டையைத் தைத்து நூலை அறுத்தேன். அவர் அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மடியில் வைத்து நீவினார்.

"நல்லா கை வந்துடுச்சு உங்களுக்கு" என்றார். "இனிமே நான் வேண்டாம். தனியா ஓட்டலாம்."

"வேணும் மாஸ்டர்" என்றேன். "இன்னும் ரிவர்ஸ் வரல எனக்கு."

"அப்ப சரி" என்று காலைப் பழையபடி பிரேக் மேல் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி நாள் வந்தது. துணியோடு சுற்றியபடியே பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டேன். தாழ்வாரத்தில் அவர்கள் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆடிட்டருக்கு ஜலதோஷம். சால்வையைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ராஜாத்தி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஃபிளாஸ்க்கம்மாவின் முகம் செத்துக் கிடந்தது. "வாங்கக்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் செய்த வேலை, நான் செய்த வேலை என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வேலை செய்தது என் மருந்து, கெட்டது அவள் குடி. ஆசைப்பட்டது இதற்குத்தானே? சந்தோஷம் மட்டும் வரமாட்டேன் என்றது.

சிஸ்டர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். கவுன்டரில் துணியைப் பிரித்து பாட்டிலை நீட்டினேன். "உறை மாறிப்போச்சு போல" என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சிஸ்டர் கையிலிருந்த கருவியால் எண்ணைப் படித்தார். பீப் என்றது. கணினியைப் பார்த்தார்.

"கரெக்டா இருக்கும்மா. அடுத்தவங்க வாங்க."

நான் நகரவில்லை. கரெக்டா? எப்படி? குனிந்து பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரி அட்டையில் இருக்கிற அதே எண். கனவில் மாற்றினேனா? திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல, வாயைத் திறந்து கேட்கவும் வழியில்லை.

ஃபிளாஸ்க்கம்மா வந்து தன் பாட்டிலை வைத்தாள். பீப்.

"இதுவும் கரெக்ட்."

"கரெக்டா?" என்றாள் ஃபிளாஸ்க்கம்மா. "சரியா பாருங்க சிஸ்டர். இன்னொரு தடவை பாருங்க."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, தப்பா இருக்கணுமா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மடியில் கனம் இல்லாதவள் எவளாவது இன்னொரு தடவை பார்க்கச் சொல்வாளா? அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசிக்குப் போனேன். இரண்டு புருஷர்களும் கண்ணில் படும்படி உட்கார்ந்தோம்.

"எப்ப?" என்றேன்.

அவள் மறைக்கவில்லை. "நீங்க அவரைத் தேடி வெளிய ஓடினீங்கல்ல, அப்பதான். மன்னிச்சிருங்கக்கா. உங்களுதுதான் நெஜ மருந்துன்னு எனக்குத் தோணிப்போச்சு."

"எங்களுதா? எங்க மாஸ்டர் நூறுலேருந்து ஏழைக் கழிக்கச் சொன்னா சீட் பெல்ட் போடச் சொல்றார். அதைப் பார்த்தா நெஜ மருந்து மாதிரியா இருக்கு?"

"கணக்கு யாருக்குக்கா வேணும்?" அவள் குரல் உடைந்தது. "நீங்க தனியா டாக்டர் ரூமுக்குள்ள போனா, திரும்பி வர்ற வரைக்கும் உங்க வீட்டுக்காரர் அந்தக் கதவையே பார்த்துக்கிட்டிருப்பார். நான் பால் கொடுத்தாக்கூட வாங்க மாட்டார். 'மேடம் வரட்டும்'னு சொல்லுவார். உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கதான் உள்ள இருப்பீங்களே. மாசா மாசம் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு."

"உங்களுக்கு என்ன கொறச்சல்?" என்றேன். "ராஜாத்தி ராஜாத்தின்னு உருகுறாரே."

"அது நான் இல்லக்கா." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்களுக்குக் கல்யாணமான புதுசுல வீட்ல ஒரு நாய் இருந்துச்சு. அது பேரு."

"நாயா?" என்றேன்.

"என்னை அவர் ஒரு நாளும் கூப்பிட்டதே இல்ல. தொண்டையைச் செருமுவார், நான் போய் நிக்கணும். நாயைத்தான் அப்படிக் கொஞ்சுவார். அது செத்தப்ப ஆபீசுக்கு லீவு போட்டு அழுதார். இப்ப இந்த நோய் வந்த அப்புறம் மறுபடி அதைத் தேடுறார். யாராவது பதில் சொல்லணுமில்ல? இல்லேன்னா தவிச்சுப்போறார். அதான் நானே 'இதோ வந்துட்டேன்'னு போறேன்."

சிரித்திருக்கக் கூடாது. ஆனால் முதலில் சிரித்தது அவள்தான். பிறகு என்னால் அடக்க முடியவில்லை. "நானும் மாத்தினேன்" என்றேன். "உங்களுக்கு முன்னாடியே. அவரை நீங்க பாத்ரூம் கூட்டிட்டுப் போனப்ப." அவள் வாயைப் பிளந்தாள். நான் மாற்றியதை, மாற்றியது தெரியாமல் அவள் மறுபடி மாற்றி, அவரவர் பாட்டில் அவரவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு சிரித்தோம். சிஸ்டர் எட்டிப் பார்த்து உஷ் என்றார்.

"டாக்டர்கிட்ட சொல்லணுமாக்கா?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எதை? நடக்காத திருட்டையா?"

அவள் ஆடிட்டர் பக்கம் திரும்பினாள். பிறகு, "அவர் இந்த மாசம் நல்லா தூங்கினார்னு நெனச்சேன்" என்றாள். "உங்க மருந்துதான் தூங்கவைக்குதுன்னு சந்தோஷப்பட்டேன். அப்ப அதெல்லாம் என்ன?"

அவள் கேட்டது அவளுக்காக. விழுந்தது எனக்கு. என் வீட்டு டப்பாவில் இருந்தது எப்போதும் இருந்த அதே மாத்திரை. மருந்தோ மாவோ, முந்தின மாதம் எதுவோ இந்த மாதமும் அதுவே. அப்படியானால் "வேற யாரையும் நான் எடுக்கறதில்ல" என்று சொன்னது எது?

"உள்ள வாங்கம்மா" என்று டாக்டர் கூப்பிட்டார்.

போய் உட்கார்ந்தேன். காலையில் கிளம்பும்போது ஒரு பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். எவ்வளவு முன்னேற்றம், எப்படிப் பேசுகிறார், எப்படி முகம் தெளிந்திருக்கிறது என்று. டாக்டர் கணினியில் விரலை வைத்துக்கொண்டு மாதா மாதம் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"இந்த மாசம் சார்கிட்ட ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதாம்மா?"

"இல்ல டாக்டர்."

"புதுசா ஏதாவது பேசினாரா?"

"நிறைய பேசினார்."

டாக்டர் நிமிர்ந்தார். "அது மாற்றம்தானேம்மா? எப்பலேருந்து பேசறார்?"

"தெரியாது டாக்டர்" என்றேன். "இத்தனை நாளும் பேசிக்கிட்டுத்தான் இருந்திருப்பார். நான் அடுத்தவ புருஷன் வாயைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."